சக்கரத்தை அளந்து பார்த்தவர்

ஒன்பது கட்டம் கீறி, 1 முதல் 9 வரையுள்ள எண்களை எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்பிய தகட்டை நம்மவர் வீடுகளில் காணாதவர் அரியர். நவக்கிரக யந்திரங்கள் என்று இங்கு வழங்குவனவற்றுள் அது சூரியனுக்கு உரியது. செப்புத் தகட்டில் கீறிப் பூசையில் வைப்பர். சுருட்டித் தாயத்தில் அடைத்துக் கையிலும் கட்டுவர். அதே ஒன்பது கட்டத்தை, அதே 15ஐ, ஜெர்மானிய தேசத்து அக்ரிப்பா என்பவர் 1533ல் அச்சேறிய தம் மறைபொருள் நூலில் சனிக்கு உரியதாக எழுதி, ஈயத் தகட்டில் கீறுக என்று விதித்தார். இங்கே சூரியனுக்கும் அங்கே சனிக்கும் ஒரே கட்டம் எவ்வாறு உரியதாயிற்று என்று கேட்பாரைக் காணோம். கட்டத்தின் கணக்கு மெய்யே. யார் கூட்டினும், எத்தேசத்தில் கூட்டினும் 15தான் வரும். அதனை ஒரு கிரகத்தோடு முடிச்சுப்போட்ட இடத்திலேதான் வழுக்கல் உண்டாகிறது.

வடிவங்களுக்குத் தெய்வத்தன்மை ஏற்றும் இவ்வழக்கம் மேனாட்டில் மிகப் பழையது. கிரேக்க தேசத்துப் பித்தாகோரஸ் கூட்டத்தார் ஐந்துமுனை நட்சத்திரத்தைத் தம் அடையாளமாகக் கொண்டிருந்தனர் என்பர். பிளேட்டோ என்னும் தத்துவ ஞானி தமது திமாயஸ் என்ற நூலில் நெருப்புக்கு நான்முகி, மண்ணுக்குக் கனசதுரம், காற்றுக்கு எண்முகி, நீருக்கு இருபதுமுகி என்று வடிவங்களைப் பங்கிட்டுக் கொடுத்து, எஞ்சிய பன்னிருமுகியைப் பிரபஞ்சம் முழுமைக்கும் வைத்தார். பின்வந்த மந்திரவாதிகள் தரையில் வட்டங்கீறி, அதனுள் நின்று ஆவிகளை அழைத்தனர். வாயிற்படியில் ஐந்துமுனை நட்சத்திரம் எழுதிப் பேய்க்குத் தடை என்றனர். கற்றோரும் கல்லாதோரும் இவ்வாறு வடிவங்களின்முன் கைகட்டி நின்ற காலத்திற் பிறந்து, தாமும் அவற்றில் உயிராய்ப் பற்று வைத்து, ஆயினும் அப்பற்றையே அளவுகோலால் அளந்து பார்க்கத் துணிந்த ஒருவருடைய சரித்திரத்தை இங்கே எழுதப் புகுந்தோம். அவர் பெயர் ஜோஹான்னஸ் கெப்ளர்.

தென்மேற்கு ஜெர்மனியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் 1571ம் ஆண்டு டிசம்பர் 27ந் தேதி கெப்ளர் பிறந்தார். பாட்டனார் ஊர்த்தலைவராயிருந்தவர். தந்தையோ கூலிக்குப் போர்புரியும் சிப்பாய். வீட்டைவிட்டுப் போவதும் வருவதுமாயிருந்து, மகன் வாலிபப் பருவம் எய்துகையில் போனவர் பின்னர்த் திரும்பவேயில்லை. தாயார் கத்தரினா சத்திரக்காரர் ஒருவரின் மகள். பச்சிலையும் வேரும் அறிந்து அண்டை அயலார்க்கு மருந்து கொடுப்பவர். வாய் சற்றுத் துடுக்கானவர். இளமையில் வந்த வைசூரி கெப்ளரின் கண்பார்வையை மங்கச் செய்து கைகளையும் முடமாக்கிற்று. வானத்தைப் படிக்கப் பிறந்தவருக்குக் கண் மங்கல்! ஆறு வயது நிரம்பாத அக்குழந்தையை 1577ல் தாயார் ஒரு மேட்டுக்கு அழைத்துச்சென்று, அப்போது தோன்றிய பெரிய வால்நட்சத்திரத்தைக் காட்டினார். அதனை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

வயல்வேலைக்காக இடையிடையே பள்ளியினின்று நிறுத்தப்பட்ட பிள்ளை அவர். எனினும் ஏழை மாணவர்க்கு அந்நாட்டுக் கோமகன் அளித்த உதவிச் சம்பளத்தால் மடத்துப் பள்ளிகளிற் பயின்று, 1589ல் டூபிங்கன் சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே மிக்கேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், பூமி நடுவில் நிற்கச் சூரியன் அதைச் சுற்றுகிறது என்னும் பழங்கொள்கையை வகுப்பிற் போதித்து, சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் கோப்பர்னிக்கஸ் கொள்கையைத் தேர்ந்த மாணவர்க்கு மட்டும் விளக்கிவந்தார். கெப்ளர் பாதிரியாராவதற்கே படித்தவர். ஆனால் 1594ல் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் வேண்டியிருக்க, அவரை அனுப்பிவிட்டனர்.

அங்கு அவர் வகுப்புக்கு முதலாண்டு வந்த மாணவர் சிலர். இரண்டாமாண்டு ஒருவரும் இல்லை. பாடஞ்சொல்வதோடு ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்துப் பலன் எழுதுவதும் அவர் கடமையாயிருந்தது. 1595ம் ஆண்டுக்கு அவர் எழுதிய முதற் பஞ்சாங்கத்தில் கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்றிருந்தார். இரண்டும் வந்தன. ஊரார் அவரைப் பெரிய சோதிடர் என்று கொண்டாடினர். எல்லையில் துருக்கியர் ஓயாது போர்செய்துகொண்டிருந்த காலத்தில் அப்படிச் சொல்வதற்குக் கிரகங்களின் உதவி அவசியமில்லை என்பது நம் கருத்து. கெப்ளருக்கும் அது தெரியாததன்று. வயிற்றுப்பாட்டுக்காகவே பலன் எழுதுகிறோம் என்னும் கூச்சம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

1595ம் ஆண்டு ஜூலை 19ந் தேதி அவருடைய வாழ்வு திரும்பிற்று. வியாழனும் சனியும் ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒருமுறை வானில் ஒன்றுகூடும். அடுத்தடுத்த கூட்டங்கள் ராசிச் சக்கரத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளித் தள்ளி நிகழும். இதனைப் பாடஞ்சொல்லும்பொருட்டு வட்டமொன்று வரைந்து, அவ்விடங்களைக் கோடுகளால் இணைத்தார். கோடுகள் பல முக்கோணங்களாய் அமைந்து, நடுவே அவற்றின் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறு வட்டம் எழுந்தது. பெரிய வட்டத்தின் ஆரத்திற் சரிபாதி சிறிய வட்டத்தின் ஆரம். சனியின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய அவ்வளவே என்பது அவருக்குப் பளிச்சென்று பட்டது. அப்படியானால் கிரகங்களின் இடைவெளிகளை நிர்ணயித்தவை வடிவங்களே அல்லவா?

சனிக்கும் வியாழனுக்கும் முக்கோணம் என்றால், அடுத்த இடைவெளிகளுக்குச் சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அன்றியும் பல பக்க உருவங்களுக்கு எல்லையேயில்லை. எல்லையற்ற சரக்கிலிருந்து ஐந்தை மட்டும் பொறுக்குவதற்குக் காரணம் வேண்டும். பின்னர், வானம் தாளைப்போல் தட்டையன்றே, கனவடிவங்களையன்றோ பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எல்லா முகமும் ஒரேமாதிரியான, சமபக்கங்களையுடைய, எல்லா மூலையும் ஒத்த கனவடிவங்கள் ஐந்துதான் இருக்கமுடியும். ஆறாவது ஒன்று உலகத்தில் இல்லை. இதனை யூக்ளிட் என்னும் கணிதர் ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்குமுன் நிரூபித்துவைத்தார். கெப்ளர் காலத்தில் அறியப்பட்டிருந்த கிரகங்களோ பூமியோடு சேர்த்து ஆறு. ஆறு கிரகங்களுக்கு இடைவெளி ஐந்து. இடைவெளி ஐந்து, வடிவமும் ஐந்து! சனிக்கும் வியாழனுக்கும் இடையே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்முகி, செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே பன்னிருமுகி, பூமிக்கும் சுக்கிரனுக்கும் இடையே இருபதுமுகி, சுக்கிரனுக்கும் புதனுக்கும் இடையே எண்முகி என்று ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, கணக்கும் ஓரளவு ஒத்துவந்தது. கண்ணீர் வழிய மகிழ்ந்தார். அடுத்த ஆண்டில் அதனையே தம் முதல் நூலாக டூபிங்கனில் அச்சிட ஏற்பாடு செய்தார்.

வடிவ கணிதம் கடவுளோடு ஒத்த பழமையுடையது, அதைக்கொண்டே அவர் உலகைப் படைத்தார் என்பது கெப்ளரின் உறுதியான எண்ணம். படைத்தவன் ஒருவன் என்பதை நாம் ஒப்புவதில்லை. ஆயினும் அந்த ஐந்து வடிவங்களும் அந்த இளைஞரை எவ்வளவு மயக்கியிருக்கும் என்பதை உணராமல் இச்சரித்திரத்தை விளங்கிக்கொள்ளல் அரிது. இதே வடிவங்களை வைத்து அன்றைய மந்திர நூலார் எத்தனையோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தனர். கெப்ளர் அவ்வளவில் நிற்கவில்லை. தம் கொள்கைப்படி வரவேண்டிய தூரம் இவ்வளவு, கோப்பர்னிக்கஸ் கணித்த தூரம் இவ்வளவு என்று எண்களை எடுத்து அடுத்தடுத்து வைத்தார். சில இடங்களில் ஒட்டவில்லை என்பதையும் மறைத்தாரல்லர். அச்சமயத்தில் தம் கண்டுபிடிப்பை வெள்ளிக் கிண்ணமாகச் செய்து, கிரகத்துக்கு ஒரு பானமாகக் குழாய்வழி வரும்படி அமைத்துத் தருவதாக வூர்ட்டம்பெர்க் கோமகனுக்கு விண்ணப்பித்தார். காகிதத்தால் மாதிரியும் செய்தார். பொற்கொல்லர் கையில் அகப்பட்டு நாள் கடந்ததேயன்றிக் கிண்ணம் உருவாகவில்லை.

ஒட்டாத எண்களுக்குக் குற்றம் தம் கொள்கையிலா, பழைய அளவுகளிலா? அறியவேண்டுமாயின் நல்ல அளவுகள் வேண்டும். உலகத்திலேயே நுட்பமான அளவுகளை வைத்திருந்தவர் டென்மார்க் தேசத்துப் பிரபு டைக்கோ பிராஹி. தூரதரிசினிக் கண்ணாடி வானை நோக்காத அக்காலத்தில், பெருங் கருவிகளைக் கொண்டு வெறுங்கண்ணால் ஆண்டுக்கணக்கில் கிரகங்களை அளந்து குறித்தவர் அவர். கிராட்ஸில் மதக் கெடுபிடி மிகுந்து புரொட்டஸ்டன்ட் ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்ட நாளில், இரு குழந்தைகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்த கெப்ளர், 1600ல் பிராக் நகருக்கருகே டைக்கோவிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு அக்டோபரில் டைக்கோ இறந்தார். இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தி கெப்ளரைத் தம் அரண்மனைக் கணிதராக நியமித்தார். அந்த ருடால்ப் அரண்மனையோ ரசவாதிகளுக்கும் மந்திரவாதிகளுக்கும் தாய்வீடு. கண்ணாடிக் கல்லிற் பார்த்துத் தேவதைகளோடு பேசுவதாகச் சொன்ன ஆங்கிலேயர் ஜான் டீ கூட 1584ல் அங்கே வந்து போனவர்தான். பொன் செய்து தருகிறோம் என்றவர்க்குத் திறந்த கஜானா, கெப்ளரின் சம்பளத்துக்கு மட்டும் பெரும்பாலும் மூடியே கிடந்தது.

டைக்கோ விட்டுச்சென்ற குறிப்புகளில் செவ்வாய்க் கிரகத்தின் கணக்கு மிகக் கடினமானது. வானில் செல்பவை யாவும் வட்டத்திலேயே, மாறாத வேகத்திலேயே செல்லவேண்டும் என்பது ஈராயிரம் ஆண்டுக் கொள்கை. வட்டம் பூரணமான வடிவம், ஆகையால் தெய்வீகமானது என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். கோப்பர்னிக்கஸும் வட்டத்தை விடவில்லை. கெப்ளர், வேகம் மாறலாம் என்று மட்டும் இசைந்து, வட்டத்தை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். எழுபது முறை போட்டதாக அவரே குறித்திருக்கிறார். கணிதப் பொறி ஏதுமில்லை, எல்லாம் கைக்கணக்கு. முடிவில் டைக்கோவின் குறிப்புகள் பலவற்றோடு 2 கலைக்குள் ஒத்துவரும் ஒரு வட்டம் கிடைத்தது. வேறொருவராயிருந்தால் நூல் எழுதிப் பரிசு வாங்கியிருப்பார். கெப்ளர் மேலும் சில குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டார். 8 கலை பிசகிற்று.

ஒரு பாகையில் அறுபதிலொரு பங்கு ஒரு கலை. முழுநிலவின் அகலமே ஏறக்குறைய 30 கலைதான். நிலவின் அகலத்தில் கால் பங்கு அளவு பிசகு! பழைய வானநூலார் 10 கலைப் பிசகைப் பிசகாகவே எண்ணமாட்டார். ஆனால் டைக்கோ 8 கலை தவறக்கூடியவரல்லர் என்பது கெப்ளருக்குத் தெரியும். நூல் ஆலையில் உழைத்தவர்களுக்கு இவ்விடம் எளிதில் விளங்கும். நூலின் நம்பர் சற்றே மாறினால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது, தராசுக்குத் தெரியும். தராசு சொல்வதைக் கேட்டு இயந்திரத்தைத் திருத்துவோனும் உண்டு. நூலை அப்படியே மூட்டைகட்டி அனுப்பிவிடுவோனும் உண்டு. கெப்ளர் ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒதுக்கிவைத்து, வட்டத்தையே கைவிட்டார். முட்டை வடிவம் வைத்துப் பார்த்தார், அதுவும் ஒவ்வவில்லை. 1605ல் நீள்வட்டம் என்னும் உண்மை அகப்பட்டது. செவ்வாய் நீள்வட்டத்தில் செல்கிறது. சூரியன் அதன் நடுவில் இல்லாமல் ஒரு குவியத்தில் இருக்கிறது. சூரியனை அணுகும்போது கிரகம் விரைந்தும் அகலும்போது மெதுவாகவும் செல்கிறது. 1609ல் வெளிவந்த புதிய வானநூல் இதனை உலகுக்கு அறிவித்தது. தெய்வீக வட்டம் வானத்தைவிட்டு இறங்கிற்று.

1611ம் ஆண்டு புதுவருடப் பரிசாக நண்பர் ஒருவருக்குச் சிறு நூலொன்று எழுதினார். பனித்துகள் ஏன் எப்போதும் ஆறு முனையாக விழுகிறது என்பதே பொருள். மந்திரவாதியாயின் ஆறு என்னும் எண்ணுக்கு ஒரு தேவதையைச் சொல்லியிருப்பான். கெப்ளர் தேன்கூட்டையும் மாதுளை முத்துக்களையும் எடுத்துக்கொண்டு, சம உருண்டைகளை எவ்வாறு அடுக்கினால் இடம் மிகக் குறைவாகக் கொள்ளும் என்று ஆராய்ந்தார். சந்தையில் பழக்காரர் ஆரஞ்சை அடுக்குகிறாரே, அதுவே மிக நெருக்கமான அடுக்கு என்பது அவர் கருத்து. அதனைத் தாமஸ் ஹேல்ஸ் என்னும் அமெரிக்கக் கணிதர் 1998ல்தான் நிரூபித்தார். பனிக்கு ஆறு முனை ஏன் என்பதற்குத் தமக்கு விடை கிட்டவில்லை என்று எழுதிக் கெப்ளர் அந்நூலை முடித்தார். அதே ஆண்டில் ஆறு வயது மகன் வைசூரியில் மாண்டான். மனைவி பார்பராவும் இறந்தார். சக்கரவர்த்தி ஆட்சி இழந்தார். கெப்ளர் 1612ல் லின்ஸ் நகருக்குப் போனார். அடுத்த ஆண்டு சூசன்னா என்பவரை மணந்தார்.

இனி, இச்சரித்திரத்தில் நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

லியோன்பெர்க் என்னும் ஊரில் தனியே வாழ்ந்த தாயார் கத்தரினாவை, 1615ல் அவ்வூர்க் கண்ணாடிக்காரர் மனைவி ஊர்சுலா ரைன்போல்ட் என்பவள் சூனியக்காரி என்று தூற்றினாள். ஆண்டுகளுக்குமுன் அவர் கொடுத்த பானத்தைக் குடித்ததால் தனக்குத் தீராத நோய் பிடித்தது என்பது அவள் வாதம். கிழவியின் மக்கள் அவதூறு வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு இழுக்க இழுக்கக் குற்றச்சாட்டுகள் பெருகின. பூட்டிய கதவு வழியே புகுந்தார் என்றார் ஒருவர். மாட்டை நோவச் செய்தார் என்றார் மற்றொருவர். வீதியில் எதிர்ப்பட்ட சிறுமி ஒருத்தியின் கை அவர் தொட்டதும் வலித்தது என்று எழுதினர். தந்தையின் மண்டையோட்டை வெட்டியானிடம் கேட்டு, வெள்ளிப்பூண் கட்டி மகனுக்குக் கிண்ணம் செய்ய நினைத்ததும் குற்றமாயிற்று. பழங்காலத்தார் அவ்வாறு செய்ததாகக் கிழவி ஒரு பிரசங்கத்தில் கேட்டிருந்தாராம். முடிவில் 49 குற்றங்கள் எழுதப்பட்டன. அக்காலத்தில் இதன் தண்டனை தீயில் எரித்தல்.

1620ம் ஆண்டு ஆகஸ்ட் 7ந் தேதி விடியுமுன், மகள் வீட்டில் உறங்கிய எழுபது கடந்த அம்மூதாட்டியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிச் சென்றனர். சங்கிலியால் பிணித்து, காவலுக்கு இருவரை வைத்து, அக்காவலரின் கூலியையும் அவர்கள் எரித்த விறகின் விலையையும் கிழவியின் சொத்திலேயே எழுதினர். சக்கரவர்த்தியின் கணிதர் லின்ஸிலிருந்து புறப்பட்டு வந்தார். அவர் பெயருக்கும் உத்தியோகத்துக்கும் சூனியக்காரியின் மகன் என்னும் சொல் எத்துணைக் கேடு என்பதை அவர் அறியாதவரல்லர். சிறைப்பட்டவள் துரதிர்ஷ்டவசமாகத் தன் மகனின் துணையோடு வந்திருக்கிறாள் என்று நீதிமன்ற எழுத்தர் குறித்துவைத்தார்.

செவ்வாய்க் கிரகத்தை எப்படி விசாரித்தாரோ அப்படியே இக்குற்றச்சாட்டுகளையும் கெப்ளர் ஒவ்வொன்றாய் விசாரித்தார். பானத்தால் நோயுற்றேன் என்றவள் அதற்கு முன்னரே பல மருந்துகளை உண்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் என்று காட்டினார். சிறுமியின் கைவலிக்குக் காரணம் அவள் சுமந்த செங்கற் பாரம் என்றார். கால் முடமானதற்குக் கிழவியைக் குறைகூறிய பள்ளியாசிரியர் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோதே அடிபட்டவர் என்று எடுத்தெழுதினார். சாட்சியத்துக்கும் சாட்சியத்துக்கும் காலம் முரணுவதைச் சுட்டினார். இவ்வாறு 128 பக்க எதிர்வாதம் ஒன்று உருவாயிற்று. உலகத்தில் சூனியமே இல்லை என்று அவர் வாதிக்கவில்லை. அக்காலத்தில் அவ்வாறு கூறியிருந்தால் தாயோடு தாமும் கூண்டில் நிற்கவேண்டியிருந்திருக்கும்; அவருக்கே அதில் முழுத் தெளிவு இருந்ததென்றும் சொல்லமுடியாது. இந்த நோய்க்கு இது காரணம், இதற்கு இது காரணம் என்று மட்டுமே காட்டிக்கொண்டு போனார்.

டூபிங்கன் சட்ட ஆசிரியர்கள் நடுவழியாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கிழவிக்குச் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தவேண்டும். ஆனால் உடம்பிற் பிரயோகிக்கக்கூடாது. 1621ம் ஆண்டு செப்டம்பர் 28ந் தேதி கொலைஞன் ஒவ்வொரு கருவியாக எடுத்து, இது எங்கே நுழையும், எதைப் பிளக்கும் என்று விளக்க, கத்தரினா ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. நரம்பு ஒவ்வொன்றாக உருவினாலும் சொல்லத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று மறுத்துவிட்டார். 14 மாதச் சிறைக்குப்பின் அக்டோபரில் விடுதலையாகி, ஆறே மாதத்தில் 1622 ஏப்ரலில் காலமானார். ஊருக்குத் திரும்பினால் அடித்துக் கொல்வோம் என்று லியோன்பெர்க்கார் மிரட்டியதால் தம் வீட்டுக்கும் அவர் போகமுடியவில்லை. எழுத்தறிவு மிக்க மகனும் எதற்கும் அசையாத தாயும் சேர்ந்தே இவ்வழக்கை வென்றார்கள். வென்றவரைப் பற்றிக் கூறும்போது பலர் மகனை மட்டுமே கூறுகின்றனர்.

இவ்வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே அவருடைய அரிய கண்டுபிடிப்பொன்றும் நேர்ந்தது வியப்பு. 1618ம் ஆண்டு மே 15ந் தேதி அது உறுதிப்பட்டது. கிரகம் சூரியனைச் சுற்றும் காலத்தை அதனாலேயே ஒருமுறை பெருக்கியதும், அதன் சராசரி தூரத்தை மூன்றுமுறை வைத்துப் பெருக்கியதும், எல்லாக் கிரகத்துக்கும் ஒரே விகிதத்தில் நிற்கும். வாசகர் சோதித்துப் பார்க்கலாம். பூமியின் தூரத்தை 1 என்று கொண்டால் வியாழனின் தூரம் 5.2, அது ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு. 11.86ஐ 11.86 ஆல் பெருக்க 140.7, 5.2ஐ மூன்றுமுறை வைத்துப் பெருக்க 140.6. இந்த விதி 1619ல் வெளியான உலக இசைவு என்னும் நூலில், கிரகங்கள் பாடும் சுரங்கள், வடிவங்களின் ஆன்மா என்னும் கனவுகளின் நடுவே ஒரு மூலையில் கிடக்கிறது. அதே நூலில், சம எழுகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையமுடியாதாகையால் அதனைக் கடவுளும் பயன்படுத்தவில்லை என்கிறார்! சோதிடத்தில் ராசிகளையும் வீடுகளையும் ஏளனமாகத் தள்ளியவர், கிரகங்கள் ஒன்றையொன்று நோக்கும் கோணங்களுக்கு மட்டும் பூமியின்மீது வலிமை உண்டென்று நம்பி, புதிய கோணங்களையும் சேர்த்தார். அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று.

ஆயினும் அந்நூலின் இறுதியில் லண்டன் மாநகர வைத்தியர் ராபர்ட் பிளட் என்பவரை அவர் மறுத்த பகுதி கவனிக்கத்தக்கது. பிளட் மறைபொருள் நெறியில் பெரியவர். வானுலகம் தொட்டு மண்ணுலகம் வரை ஒரே தந்தி கட்டிய வீணையாகவும், ஒளியும் இருளும் எதிரெதிர்க் கூம்புகளாகவும் அழகழகான சித்திரங்கள் வரைந்தவர். இருவரும் வடிவத்தையும் இசையையுமே பேசினர். மேலோட்டமாய்ப் பார்ப்பார்க்கு வேற்றுமை தோன்றாது. பிளட் தம் சித்திரத்தில் கிரகங்களின் தூரத்தைத் தாம் விரும்பிய சுரத்துக்கேற்ப வைத்துக்கொண்டார். கெப்ளர் கிரகங்களின் வேகத்தை டைக்கோவின் குறிப்பிலிருந்து எடுத்து, அதிலே சுரம் இருக்கிறதா என்று தேடினார். பிளட் வெகுண்டு எழுதினார். கெப்ளர் 1622ல் பதில் எழுதினார். புதிரை இருட்டில் வைத்து இன்புறுவது அவர் வழி, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது தம் வழி என்பது அப்பதிலின் சாரம்.

தம் இளமைக் காதலான ஐந்து வடிவங்களை அவர் என் செய்தார்? 1621ல் முதல் நூலை மறுபதிப்பிட்டபோது மூலத்தில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. தவறிய இடந்தோறும் குறிப்பு எழுதி, இங்கே பிழைத்தேன், இங்கே பிழைத்தேன் என்று வெளிப்படையாகச் சேர்த்தார். கொள்கையை முற்றும் விடவும் அவருக்கு மனம் வரவில்லை. வடிவங்கள் மட்டும் போதா, இசை விகிதங்களும் வேண்டும் என்று சமாதானம் கண்டார். 1781ல் யுரேனஸும் 1846ல் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்பட்டபின் ஆறு கிரகம், ஐந்து இடைவெளி என்ற அடிப்படையே போயிற்று. வட்டத்தைத் தள்ளிவைத்து அவர் கண்ட மூன்று விதிகள் நிற்கின்றன. விண்ணிற் செலுத்தும் கலங்களின் பாதை அவற்றையொட்டியே கணிக்கப்படுகிறது.

1627ல் டைக்கோவின் அளவுகளைக்கொண்டு கிரக அட்டவணைகளை முடித்து உல்ம் நகரில் அச்சிட்டார். நாடெங்கும் மதப்போர். வாலன்ஸ்டைன் என்னும் படைத்தலைவரிடம் 1628ல் உத்தியோகம் ஏற்றார். அவர் விரும்பியதோ சாதக பலன்; கெப்ளர் கொடுக்க விரும்பியதோ கணக்கு. அரசாங்கம் தரவேண்டிய பழைய சம்பள பாக்கியை எண்ணிக்கொண்டு குதிரையேறிச் சென்றவர், ரேகன்ஸ்பர்க் நகரில் காய்ச்சல் கண்டு 1630ம் ஆண்டு நவம்பர் 15ந் தேதி உயிர்நீத்தார். போரில் அக்கல்லறைத் தோட்டம் அழிந்து, புதைத்த இடமும் தெரியாமற் போயிற்று.

வறுமையில் விடப்பட்ட மனைவி மக்களிடம் எஞ்சிய ஏடுகளில் கனவு என்னும் சிறு கதை இருந்தது. சந்திரனிலிருந்து பார்த்தால் பூமி சுழல்வது எவ்வாறு தோன்றும் என்று விளக்க 1609ல் எழுதியது. அதில் வரும் பையனின் தாய் பச்சிலை விற்பவள். மந்திர எழுத்துக்களைச் சொல்லி ஓர் ஆவியை வரவழைக்கிறாள். கையெழுத்துப் பிரதி பலர் கைமாறி, அக்கதையே தம் தாய்மீது பழி எழத் துணையாயிற்று என்று கெப்ளர் நம்பினார். அதனால் பின்னாளில் 223 குறிப்புகள் எழுதி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளக்கிவைத்தார். மகன் லுத்விக் 1634ல் அதனை வெளியிட்டார். ஆவியை அழைக்கத் தாய் கூறும் எழுத்துக்கள் 21 என்று கதை சொல்கிறது. கோப்பர்னிக்கஸின் வானநூல் என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களை எண்ணிப் பார்க்குமாறு குறிப்புக் கூறுகிறது. முதற் சொல்லில் 10 எழுத்து, இரண்டாவதில் 11.